பட்டை கேட்ட ஊரும் புல் இழந்த மலையும்

திண்டுக்கல் பேகம்பூரில் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் மலை தெரியும். பக்கத்திலேயே மலைக்கோட்டையின் வழுக்குப் பாறை. இன்னொரு பக்கம் சிறுமலை. மேற்கே, மழை விட்ட காலையில் மட்டும் தெளிவாகத் தெரியும் நீலச் சுவர்தான் பழனி மலைத்தொடர். அய்யலூர், நத்தம் பக்கம் திரும்பினால் கரந்தமலை, அதற்கும் அப்பால் கடவூர்க் குன்றுகள். இவற்றுக்கு நடுவே தட்டையாகக் கிடக்கிறது திண்டுக்கல் சமவெளி. வெங்காயக் காடு, முருங்கைத் தோப்பு, நூற்பாலை, நான்குவழிச் சாலை, வீட்டுமனைக் கற்கள் என்று போய்க்கொண்டே இருக்கும்.

நாம் மலைகளைப் பார்க்கிற இடத்தில் உயிரியல் படித்தவர்கள் ஒரு தீவுக்கூட்டத்தைப் பார்க்கிறார்கள். கொடைக்கானலின் 2000 மீட்டர் உயரத்துக் குளிரில் வாழப் பழகிய ஒரு பறவைக்கு வத்தலக்குண்டின் வெயில் கடல்தான். இறங்கி வந்தால் பிழைக்காது. சிறுமலையின் ஈரக்காட்டு மரத்தின் விதை திண்டுக்கல் செம்மண்ணில் விழுந்தால் முளைத்தாலும் நிற்காது. நீர் சூழ்ந்தால்தான் தீவு என்பதில்லை. ஓர் உயிரால் கடக்க முடியாத எது சூழ்ந்திருந்தாலும் அந்த உயிருக்கு அது தீவு.

1967-ல் ராபர்ட் மெக்ஆர்தர், எட்வர்ட் வில்சன் என்ற இரு அமெரிக்கர்கள் தீவுகளின் உயிரியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். ஒரு தீவில் எத்தனை வகை உயிரினங்கள் இருக்கும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன என்பது அவர்கள் கணக்கு. தீவின் பரப்பு ஒன்று, பெருநிலத்திலிருந்து அது இருக்கும் தூரம் மற்றொன்று. பரப்பு குறைந்தால் ஒவ்வொரு வகையிலும் எண்ணிக்கை குறையும். அப்போது ஒரு வறட்சியோ ஒரு நோயோ வந்து மிச்சத்தையும் முடித்துவிடும். தூரம் கூடினால், அழிந்ததற்குப் பதிலாக வெளியிலிருந்து புதிதாக எதுவும் வந்து சேராது. வில்சனும் அவருடைய மாணவர் டேனியல் சிம்பர்லாஃபும் இதைச் சோதிக்க ஃபுளோரிடா கடலோரத்தில் சில சின்னஞ்சிறு அலையாத்தித் தீவுகளைத் தேர்ந்தெடுத்து, கூடாரம் போட்டு மூடி, புகைபோட்டு அவற்றில் இருந்த பூச்சிகளை எல்லாம் அழித்தார்கள். ஏறக்குறைய ஓராண்டுக்குள் பெரும்பாலான தீவுகளில் பழைய அளவுக்கு வகைகள் வந்து சேர்ந்துவிட்டன. பூச்சிக்கும் சிலந்திக்கும் காற்று இருக்கிறது, மிதக்கும் குச்சி இருக்கிறது. நம் மலைத் தீவுகளில் வாழும் பலவற்றுக்கு அப்படி ஒரு வழியும் இல்லை.

எவ்வளவு காலமாக இல்லை என்பதை மரபணுவே சொல்கிறது. ஆய்வாளர் வி.வி. ராபினும் உடன் பணியாற்றியவர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிச் சோலைகளில் வாழும் சிறு பறவைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் இருக்கும் சோலைக்கிளியும், தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் இருக்கும் சோலைக்கிளியும் தனித்தனி இனங்கள். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி அகத்தியமலைக்குப் போனால் அங்கே மூன்றாவது ஒன்று. 2017-ல் இந்தப் பறவைகளுக்கென்றே ஒரு புதிய பேரினத்தை வகுத்தார்கள், சிரிப்பான் என்ற பறவைகளுக்கு இன்னொன்று. பழனி மலைச் சிரிப்பானின் அறிவியல் பெயரில் ஃபேர்பேங்க் என்ற பாதிரியாரின் பெயர் ஒட்டியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கொடைக்கானல் பக்கம் பறவை சேகரித்த அமெரிக்கர் அவர். கண்ணுக்கு வெறும் பள்ளமாகத் தெரியும் ஒரு கணவாய் பல லட்சம் ஆண்டுகளாக உறவைப் பிரித்து வைத்திருக்கிறது. இந்தத் தீவில் அழிந்ததை அந்தத் தீவிலிருந்து கொண்டுவந்து நிரப்ப முடியாது. அங்கே இருப்பது வேறு பறவை.

பழனி மலையின் உச்சிப்பரப்பு முழுவதும் ஒரு காலத்தில் காடாக இருந்தது, மனிதன் வெட்டிப் புல்லாக்கினான் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. மடிப்புகளில், ஓடையோரங்களில் குட்டையான அடர்ந்த சோலை. முகடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி. இரண்டும் அடுத்தடுத்து, கோடு போட்டாற்போல எல்லை பிரித்து நிற்பதுதான் இந்த மலையின் இயல்பு. புல் பழையது என்பதற்கு நீலகிரியில் சான்று கிடைத்தது. அங்கே சதுப்புப் பள்ளங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுச் செடிகொடி மிச்சங்கள் அடுக்கடுக்காகப் படிந்து கரிமண்ணாகக் கிடக்கின்றன. வெப்பமண்டலப் புற்கள் பெரும்பாலும் காற்றிலிருந்து கரியை உறிஞ்சும் முறையும் மரங்கள் உறிஞ்சும் முறையும் வேறு. அதனால் கார்பன்-13 என்ற கனமான கரி அணு புல்லில் சற்றுக் கூடுதலாகவும் மரத்தில் குறைவாகவும் சேர்கிறது. ஒவ்வோர் அடுக்கிலும் அந்த விகிதத்தை அளந்தால் அந்தக் காலத்தில் அங்கே எது ஓங்கி நின்றது என்று தெரிந்துவிடும். ஆர். சுகுமாரும் அவருடைய சகாக்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு சுமார் 20,000 ஆண்டுகள் பின்னோக்கிப் போனது. பனியுகத்தின் உச்சத்திலேயே அங்கே புல் இருந்தது. பின்னர் ஈரம் கூடிய காலத்தில் புல் பின்வாங்கியது, வறண்ட காலத்தில் மீண்டும் முன்னேறியது. கோடரியும் உழவும் மலையேறுவதற்கு வெகுகாலம் முன்பே இந்த இழுபறி நடந்துகொண்டிருந்தது.

புல்லுக்குள் சோலை ஏன் நுழைவதில்லை? உறைபனி ஒரு பெரிய காரணம். மார்கழி, தை இரவுகளில் மேகமில்லாத வானத்தின் கீழ் திறந்த புல்வெளி தன் வெப்பத்தை எல்லாம் இழந்துவிடும். விடியற்காலையில் புல் நுனி வெள்ளையாக இருக்கும். சோலை மரத்தின் இளங்கன்று அந்தக் குளிரில் கருகிவிடும். புல்லும் மேலே கருகத்தான் செய்யும், ஆனால் தூரில் உயிர் இருக்கும், மழைக்குத் துளிர்க்கும். சோலைக்குள்ளோ மரக்கூரை வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, கன்று பிழைக்கிறது. 2020-ல் வெளிவந்த ஒரு நீலகிரி ஆய்வு இதை உறுதி செய்ததோடு ஓர் எச்சரிக்கையும் தந்தது. குளிர்நாட்டிலிருந்து வந்த அயல் மரங்களை உறைபனி அப்படித் தடுப்பதில்லை.

அந்த மரங்கள் வந்த கதையில்தான் பேகம்பூர் மாதிரியான ஊர்கள் நுழைகின்றன.

ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அடங்கியிருக்கும் பேகம்பூரையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் வெளியூர்க்காரர்கள் அறிந்தது தோல் பதனிடும் தோல்ஷாப்புகளால். டி. செல்வராஜ் ‘தோல்’ நாவலில் எழுதியது இந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையைத்தான். 2012-ல் அதற்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிரும் சதையும் நீக்கியபின் பட்டைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். தோலின் உடம்பு கொலாஜன் என்ற புரத நார்களால் ஆனது. அந்த நார்களுக்கு இடையே நீர் இருக்கும்வரை கிருமிகள் அதைத் தின்று அழுக வைத்துவிடும். மரப்பட்டையில் இருக்கும் டானின் நார்களோடு இறுகப் பிணைந்து நீரை வெளியேற்றுகிறது. கிருமியால் கடிக்க முடியாத பொருளாகத் தோல் மாறுகிறது. வாயில் கடுக்காயை வைத்தால் நாக்கு இழுத்துக்கொள்வதும் இதே வேலைதான், நம் எச்சில் புரதத்தை டானின் பிணைக்கிறது.

முதலில் இந்த வேலைக்கு ஆவாரம்பட்டை இருந்தது. சமவெளித் தரிசில் தானாக வளரும் செடி, வறட்சி தாங்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். பிறகு ஆஸ்திரேலிய வாட்டில் மரத்தின் பட்டை வந்தது. ஊட்டிப் பக்கம் சீகை என்பார்கள். ஆவாரையைவிட அதில் டானின் அதிகம். ஆப்பிரிக்கத் தோட்டங்களிலிருந்து கப்பலில் வரும் பட்டைக்கும் சாற்றுக்கும் காசு கொடுப்பதைவிட நாமே வளர்த்துவிடலாம் என்று சுதந்திரத்துக்குப் பின் முடிவானபோது, இடம் தேடிய கண்ணில் பட்டவை நீலகிரியும் பழனி மலையும். அங்கே மரமில்லாத சரிவுகள் ஏராளம். காப்பியும் கிடையாது, தேயிலையும் கிடையாது, வெறும் புல். கணக்கேட்டில் அது பயனற்ற நிலமாகத்தான் பதிவாகியிருந்தது. வனத்துறை வாட்டிலை நட்டது. ரேயான் நூலுக்கும் காகிதக் கூழுக்கும் என்று தைல மரத்தையும் பைனையும் நட்டது. நட்டவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மரம் நடுவது நல்ல காரியம் என்பதில் அன்று யாருக்கும் ஐயம் இருக்கவில்லை, இன்றும் பலருக்கு இல்லை. 1970களுக்குப் பின் தோல் தொழில் வேகமாகக் குரோம் உப்புக்கு மாறியது. பட்டையின் தேவை குறைந்தது. மலையில் மரம் மட்டும் நின்றது.

நின்றதோடு விடவில்லை, பரவியது. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு எம். அரசுமணி, வி.வி. ராபின் குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் உயர்மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மரத்தோட்டங்களும் வேளாண்மையும் அதை விழுங்கியிருந்தன. வழக்கமான காட்டுக் கணக்கெடுப்பில் இந்த இழப்பு தெரியாது. புல் இருந்த இடத்தில் வாட்டில் நின்றால் பசுமைப் பரப்பு கூடியதாகத்தான் படம் காட்டும். புல்வெளியில் மேயும் வரையாட்டுக்கு அந்தப் பசுமையால் ஒரு வாய் இரை கிடையாது. 2006-லும் 2018-லும் கொடைக்கானலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போய் நாம் பார்த்த குறிஞ்சியும் புல்வெளிச் செடிதான், தோப்பின் நிழலில் அது நிற்காது.

இதில் சமவெளிக்காரர்களுக்கு நேரடியாகப் படும் விஷயம் தண்ணீர். திண்டுக்கல்லுக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம் பழனி மலையின் கீழ்ச்சரிவு ஓடைகளை நம்பியிருக்கிறது. புல்வெளியை மரத்தோப்பாக்கினால் ஓடைக்கு என்ன ஆகும் என்று ஊட்டிக்கு அருகே கிளென்மார்கனில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் ஒரு பகுதிக்குத் தைல மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுகளில் மரம் நட்ட பக்கத்தில் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. ஆழ வேர்விட்ட என்றும் பசுமையான மரம் கோடையிலும் நீரை உறிஞ்சி ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். புல்லோ கோடையில் காய்ந்து ஓய்ந்துவிடும். கிளென்மார்கன் வேறு மலை, வேறு மழை. அந்த எண்ணை அப்படியே ஆத்தூர் அணைக்குப் பொருத்த முடியாது. ஆனால் நடப்பது அங்கும் இங்கும் ஒன்றுதான்.

அப்படியானால் வெட்டிவிடலாமே என்று தோன்றும். 1988 தேசிய வனக் கொள்கைக்குப் பிறகு இயற்கைக் காடுகளில் வருமானத்துக்காக மரம் நடுவது பின்னுக்குப் போனது. 2013-ல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்றே தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. ஆனால் மலையில் வேலை பார்த்தவர்கள் அவசரப்படாதீர்கள் என்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

கொடைக்கானலில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையை நடத்திய பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்காரும் பல ஆண்டுகள் சோலைச் செடிகளை நாற்றங்காலில் வளர்த்தவர்கள். எலியோகார்பஸ் பிளாஸ்கோய் என்று ஒரு மரம், ருத்ராட்ச மரத்தின் உறவு. அற்றுப்போனதாகக் கருதப்பட்டு, பிறகு வட்டக்கானல் பக்கம் ஒற்றை மரமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் கன்றுகளை உருவாக்கிப் பரப்பியது அவர்கள் உழைப்பு. பழைய பைன், வாட்டில் தோப்புகளுக்குள் குனிந்து பார்த்தபோது அவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்தது. அயல் மரத்தின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாக முளைத்து மேலேறிக்கொண்டிருந்தன. உறைபனியிலிருந்து காக்கும் கூரையாக அயல் மரமே ஆகியிருந்தது. அங்கே எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வெட்டினால் உருவாகி வரும் சோலையும் சேர்ந்து போகும். ஆகவே அந்தத் தோப்புகளை விட்டுவிட்டு, இன்னும் மிஞ்சியிருக்கும் புல்வெளிக்குள் ஊடுருவும் இளம் வாட்டிலை முதலில் பிடுங்க வேண்டும். என் பார்வையில் இதுதான் சரியான வரிசை. நூறு ஏக்கர் பழைய தோப்பை வெட்டி லாரியில் ஏற்றுவது கண்ணுக்குத் தெரியும் சாதனை, மரத்துக்கு விலையும் கிடைக்கும். பத்து ஏக்கர் நல்ல புல்லில் இடுப்புயரக் கன்றுகளைக் கையால் பிடுங்குவதற்கு யாரும் படம் எடுக்க வரமாட்டார்கள்.

பிடுங்குவதும் ஒரு தடவையோடு முடியாது. வாட்டில் விதை கடினமான ஓட்டோடு மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். தீ பட்டால் ஓடு வெடித்து ஒட்டுமொத்தமாக முளைக்கும். வெட்டிப்போட்ட இடத்தில் வெயில் விழுந்தாலும் அப்படியே. ஒரு சரிவைச் சுத்தம் செய்தால் அடுத்த மழைக்குப் பிறகு அங்கே விதைத்தாற்போல வாட்டில் நாற்று நிற்கும். ஒவ்வோர் ஆண்டும் போய்ப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், கூடவே உள்ளூர்ப் புல்லின் தூரைப் பிரித்து நட்டுக்கொண்டும் வரவேண்டும். மூன்றாண்டுத் திட்டம் முடிந்து பணம் நின்றால், தொடங்கிய நாளைவிட மோசமான நிலையில்தான் அந்தச் சரிவு கிடக்கும்.

சமவெளியின் தேவை எல்லாமே மலையைக் கெடுத்துவிட்டது என்று சொல்வது சரியாகாது. விருப்பாச்சி வாழையும் சிறுமலை வாழையும் 2008-ல் புவிசார் குறியீடு பெற்றவை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அந்த மலைப்பழம் வேண்டும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் அது தனித் தோட்டமாக வளர்ந்ததல்ல. காட்டு மரங்களின் நிழலில், காப்பிக்குத் துணையாக வளர்ந்தது. ஒரு கோயிலின் பிரசாதம் ஒரு மலைச்சரிவில் மரக்கூரையை நிறுத்தி வைத்தது. முடிக்கொத்து நோய் வந்து வாழை அழிந்தபோது பலர் அந்த விவசாயத்தைக் கைவிட்டார்கள். நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகள் வந்தபின் கீழ்ப்பழனி மலையில் அது மீண்டது. பழத்துக்கு நல்ல விலை கிடைக்கும்வரை நிழல் மரமும் நிற்கும்.

தீவின் கதியைத் தீவுக்கு வெளியே நடப்பது முடிவு செய்வது நிஜக் கடல் தீவுகளிலும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன. பல காலம் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை உடைத்து எடுத்ததில் தீவைச் சுற்றியிருந்த இயற்கை அரண் போய், அலை நேராக மணலைத் தின்றது. தூத்துக்குடிக்கு அருகே வான்தீவு கரைந்துகொண்டே வந்தபோது, தீவின்மேல் சுவர் கட்டவில்லை. கடலுக்குள் செயற்கைப் பவளத் திட்டுகளை இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்தது, மீனும் பவளமும் வந்து ஒண்டின, மணல் நின்றது. வேலை முழுக்க நடந்தது தீவுக்கு வெளியே, தண்ணீருக்குள்.

திண்டுக்கல்லுக்கு வடகிழக்கே இருக்கும் குன்றுகளுக்கு இந்தப் பாடம் இப்போதே தேவைப்படுகிறது. 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 எக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்குச் சரணாலயமாக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இது. கைக்குள் அடங்கும் உடம்பு, முகத்தை நிறைக்கும் கண், ஈர்க்குச்சி போன்ற கைகால். பகலில் உறங்கும், இரவில் பூச்சி தேடும். ஆய்வாளர் அன்னா நெகாரிஸ் 1990களின் பிற்பாதியில் அய்யலூர்க் காட்டில் இரவிரவாகத் தொடர்ந்து பார்த்து, அவை உண்பது ஏறக்குறைய முழுதும் சிறு உயிர்களையே என்றும், அவற்றில் எறும்பும் கரையானும் மிகுதி என்றும் பதிவு செய்தார். தனித்துத் திரியும் விலங்கு என்று கருதப்பட்ட தேவாங்கு, உறங்கும்போது கூட்டமாக ஒன்றையொன்று தழுவிக்கொண்டு உறங்குவதையும் கண்டார்.

தேவாங்கு குரங்கைப் போலத் தாவாது. ஒரு கிளையை விடுமுன் அடுத்த கிளையைப் பிடிக்க வேண்டும். கிளைக்கும் கிளைக்கும் இடையே அதன் கை எட்டாத இடைவெளி விழுந்தாலே அதன் உலகம் அங்கே முடிகிறது. இறங்கித் தரையில் நடந்தால் நாய், சாலையென்றால் லாரி. அய்யலூர் வழியே போகும் திண்டுக்கல்–திருச்சி நான்குவழிச் சாலையை ஒரு தேவாங்கு உயிரோடு கடக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒருநாள் இரவு அதன் ஓரம் நின்று பார்த்தாலே புரியும். குன்றுக்கும் குன்றுக்கும் நடுவே காடு இல்லை. ஆனால் வேலி இருந்தது. இந்தப் பக்கத்து மானாவாரி நிலங்களைச் சுற்றி ஆள் உயரத்துக்குமேல் வளர்ந்த கிளுவை வேலி, இடையிடையே வேம்பு, உசிலை, வெள்வேல், அவற்றைப் பின்னிய கோவையும் பிரண்டையும். உழவருக்கு அது ஆட்டைத் தடுக்கும் அரண். தேவாங்குக்கு ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போகும் பாலம், வழியெல்லாம் எறும்போடு.

அந்த வேலிகளைப் பெயர்த்துவிட்டுக் கல்தூணும் கம்பியும் நடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கிளுவை இடத்தை அடைக்கிறது, கழிக்க ஆள் கிடைப்பதில்லை, மனை பிரிப்பதற்கு இடைஞ்சல் என்று காரணம் சொல்கிறார்கள். அவர்கள் நிலம், அவர்கள் கஷ்டம். சரணாலயத்தின் எல்லையோ காப்புக்காட்டோடு நின்றுவிடுகிறது. பட்டா நிலத்து வேலிக்கு வனச் சட்டத்தைக் காட்டி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, கூடவும் கூடாது. சூரிய மின்வேலிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தந்திருக்கிறது. அதேபோலக் கடவூர், அய்யலூர் குன்றுகளுக்கு இடைப்பட்ட கிராமங்களில் கிளுவை வேலியை வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை வேலி கழிக்கும் கூலியை மட்டுமாவது கொடுக்கலாம். நான்குவழிச் சாலையில் இருபுறமும் மரம் நெருங்கி நிற்கும் இடங்களைக் கண்டு, சாலைக்கு மேலே கயிற்றுப் பாலம் கட்டலாம். ஆனைமலையில் வால்பாறைச் சாலைகளுக்கு மேல் சிங்கவால் குரங்குகளுக்காக இப்படிப் பாலம் கட்டியிருக்கிறார்கள், அவை அதில் நடக்கின்றன. ஆனால் குரங்குக்குக் கட்டிய பாலம் தேவாங்குக்குப் போதாது. அதன் பிடிக்கு ஏற்ற மெல்லிய கயிறாக, இடைவெளியே இல்லாததாக, இரு முனையும் உயிருள்ள கிளையில் முடிவதாக அது இருக்க வேண்டும்.